கேப்டனின் மாத்திரை

மார்ச் 9

அன்பு மனைவிக்கு,

நானும் மகளும் சுகம். நீ சுகம் என்பது உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கொஞ்சம் அதிகப்படியாகவே தெரிகிறது.

வாரம் இரண்டு தடவை போனில் பேசுகிறீர்களே, கடிதம் எதற்கு என்று மகள் கேட்கிறாள். போனில் பேசும்போது இங்கே இவள் என் தோளை ஒட்டி நிற்கிறாள். அங்கே உன் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் நான் என்னத்தைப் பேச? சாப்பிட்டாயா, தூங்கினாயா, மழை பெய்ததா. அதற்குமேல் நமக்குள் பேச்சே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் போன கடிதம் நான்கு பக்கம். அதில் என்னைப் பற்றி இரண்டு வரி: உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சிகரெட்டைத் தொடாதீர்கள். மகளைப் பற்றி அரைப் பக்கம். மிச்சம் முழுக்கக் கேப்டனுடைய கண்.

அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் உன்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள், அது எனக்குத் தெரியாமல் இல்லை. எண்பத்தொரு வயது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில். கண்ணின் நடுப்பகுதி கெட்டுவிட்டது, ஓரத்தில் இருப்பது தெரிகிறது, நேரே பார்ப்பது தெரிவதில்லை. கப்பல் ஓட்டிய மனிதருக்கு எதிரே இருக்கிற டம்ளர் தெரியவில்லை என்றால் யாருக்கும் மனசு கஷ்டப்படும். எனக்கும் பட்டது. முதல் பக்கம் முடியும்வரை பட்டது.

காலையில் அவருக்கு இரண்டு முட்டை, மஞ்சள் கரு உடையாமல். மதியம் கீரை, எண்ணெய் விட்டு வதக்கி. எண்ணெய் இல்லாமல் கீரை தின்றால் அதில் இருக்கிற சத்து கண்ணுக்குப் போய்ச் சேராதாம். வாரம் மூன்று நாள் மீன். மக்காச்சோளம், ஆரஞ்சுப் பழம், ஆரஞ்சு நிறக் குடைமிளகாய். அதையும் அவர் தொட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று வளையம் வளையமாக நறுக்கி வைக்கிறாயாம். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து காய் எந்த வடிவத்தில் வெந்தது என்று தெரியாது. விடியற்காலை பஸ் டெப்போவுக்கு ஓடுகிறவனுக்கு வடிவம் எதற்கு என்று நினைத்திருப்பாய். சரிதான்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் கண்ணுக்கான மாத்திரை ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரை மற்றக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நிற்கிறாயாம். போகட்டும். அதற்குப் பிறகு எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குச் செரிக்கவில்லை. குளிர்பெட்டிக் கதவில் கட்டம்போட்ட தாள் ஒன்றை ஒட்டியிருக்கிறாய். கோடுகள் நேராகத் தெரிகின்றனவா, வளைந்து தெரிகின்றனவா என்று தினமும் ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க வேண்டும். அவர் ஒரு கண்ணால் பார்க்கும்போது மற்றக் கண்ணை நீ உன் உள்ளங்கையால் மூடிப் பிடிக்கிறாய். அவருக்குக் கை இல்லையா?

சும்மா கேட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டும்போது உன் குரல் நன்றாக இருக்கிறது என்று சொன்னாராம். அந்த வரியை இரண்டாவது தடவையும் படித்தேன். இருபத்தேழு வருஷத்தில் நான் ஒரு தடவையாவது அப்படிச் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். உப்பு அதிகம், உப்பு குறைவு என்று சொல்லியிருக்கிறேன். குரலைப் பற்றி எதுவும் ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் பக்கத்தில், அவருக்கு யார் முகமும் தெரிவதில்லை, உன் முகம் எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பாவி நான். எழுதக்கூடாது என்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன்.

மகளுக்குப் பல் டாக்டரிடம் வேலை நிரந்தரமாகிவிட்டது. இப்போது போனை எடுத்தாலே "வணக்கம், எந்தப் பல்லு?" என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்

•

ஏப்ரல் 20

அன்பு மனைவிக்கு,

கடிதம் கிடைத்தது. பொறாமையா என்று கேட்டிருந்தாய். எனக்கா? எண்பத்தொரு வயது மனிதர்மேலா? ஊரார் கேட்டால் சிரிப்பார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் பதில் சொல். என் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினாயா? முழுசாகவா? கை இல்லையா என்று கேட்டேனே, அதையுமா? அவர் நெடுநேரம் சிரித்தார் என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தானா? நான் உனக்கு எழுதியதை இன்னொரு ஆம்பிளை கேட்டுச் சிரிக்கிறார். அவருக்கு அது பேப்பர் செய்தி மாதிரி ஆகிவிட்டது.

என் எழுத்து மாதத்துக்கு மாதம் பெரிதாகிறது, ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் எழுதுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாய். அதற்கு அவர், "உன் வீட்டுக்காரரை முதல்ல கண் டாக்டர்கிட்டப் போகச் சொல்லும்மா. கண்ணு சரியா இருக்கிறவன் இப்படி எழுதமாட்டான்" என்றாராம். அவருக்கு என் எழுத்தைப் பார்க்கக்கூடத் தெரியாது. நீ சொல்லிக் கேட்டு எனக்கு வைத்தியம் பார்க்கிறார். என் கண்ணைப் பற்றிப் பேச அவர் யார்? நான் இருபத்தொன்பது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறேன். ஒரு விளக்குக் கம்பத்தைக்கூட உரசியது இல்லை. கடலில் வளைவு உண்டா, சிக்னல் உண்டா, குறுக்கே ஓடிவரும் ஆள் உண்டா? நாலு திசையும் தண்ணீர். எங்கே திருப்பினாலும் வழிதான். இந்த வரியையும் படித்துக் காட்டு.

எழுத்து பெரிதாக இருப்பதற்குக் காரணம் பேனா. முனை தடித்துவிட்டது.

நான் இரவு ஷிப்ட்டை விட்டுவிட்டேன் என்று மகள் உனக்குச் சொன்னாளாம். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. டெப்போவில் ஒரு டிரைவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பகலில் அவன் வீட்டில் இருந்தால் நல்லது. அதனால் மாற்றிக்கொண்டேன். இப்போதெல்லாம் எதிரே வருகிற வண்டிகளின் விளக்கும் முன்போல இல்லை. எல்லாம் வெள்ளை விளக்கு. பூ மாதிரி விரிகிறது. யாருக்கானாலும் கூசத்தான் செய்யும்.

என் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. கேப்டன் என்ன சாப்பிடுகிறாரோ அதையெல்லாம் நானும் சாப்பிடுகிறேன். தினமும் கேரட் அரைக் கிலோ. கீரை இரண்டு வேளை. முட்டை மூன்று. அவருக்கு இரண்டுதானே? மருந்துக் கடைக்குப் போய்க் கண்ணுக்கான மாத்திரை கேட்டேன். கடைக்காரர் யாருக்கு என்றார். எங்கள் பெரியப்பாவுக்கு, ஓய்வு பெற்ற கப்பல் கேப்டன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு மரியாதையாக எழுந்து நின்று எடுத்துக் கொடுத்தார். அவர் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் நான் இரண்டு சாப்பிடுகிறேன். கண் கூர்மையாகத்தான் இருக்கிறது.

உள்ளங்கைதான் லேசாக மஞ்சளாகிவிட்டது. டெப்போவில் மஞ்சள் காமாலை என்று புரளி கிளப்பி ஒரு நாள் முழுவதும் எனக்கு யாரும் டீ டம்ளர் கொடுக்கவில்லை. என் கண்டக்டர், அவனைத்தான் உனக்குத் தெரியுமே, "அண்ணே, கேரட்டைத் திங்கறீங்களா, இல்ல பூசிக்கறீங்களா?" என்கிறான்.

அடுத்த கடிதத்தில் அவர் கண்ணைப் பற்றி எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நீ என்ன சாப்பிடுகிறாய் என்று எழுது. அவருக்கு மீன் வைத்துவிட்டு நீ என்ன சாப்பிடுகிறாய் என்று நாலு கடிதமாக ஒரு வரி இல்லை.

உன் வீட்டுக்காரன்

•

ஜூன் 14

அன்பு மனைவிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. எல்லோரும் நலமாகத்தான் இருக்கிறோம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நான் எழுதித் தருகிறேன் அப்பா என்று மகள் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். வரி கோணினாலும் பரவாயில்லை, இது என் கையால் எழுத வேண்டியது.

போன கடிதத்தில் நான் எழுதியதில் பாதி பொய். பேனா முனை நன்றாகத்தான் இருக்கிறது. இரவு ஷிப்ட்டை விட்டது அந்தக் குழந்தைக்காக அல்ல. ஒன்றரை வருஷமாகவே எனக்கு விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது. பஸ் நம்பரை எதிரே வருகிற டிரைவரின் முகத்தை வைத்துத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு முகமும் போய், ஹாரன் சத்தத்தை வைத்து. சாயங்காலமானால் கண்டக்டரை முன்படிக்கட்டுப் பக்கம் நிற்கச் சொல்வேன். "சிவப்பு விழுந்திருச்சுண்ணே" என்று விளையாட்டுப் போலச் சொல்வான். விளையாட்டு இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

ஜூன் இரண்டாம் தேதி. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். அந்த இறக்கத்தில் வண்டி மேற்கே பார்த்து வரும், வெயில் நேராக முகத்தில் அடிக்கும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிட ஒரு அம்மா நிற்பார். மஞ்சள் கோட்டு போட்டிருப்பார், கையில் நிறுத்து என்று எழுதிய பலகை. கண்ணில் படுவதற்கென்றே அந்த நிறம். ஆனால் எனக்கு அந்த வெயிலில் எல்லாமே மஞ்சளாக இருந்தது.

கண்டக்டர் அன்றைக்கு நடுவில் நின்று யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தான். அங்கிருந்தே "அண்ணே, பிரேக்கு" என்று ஒரு சத்தம் போட்டான். மிதித்தேன். வண்டி பலகையைத் தாண்டித்தான் நின்றது. அந்த அம்மா பின்னால் சாய்ந்து, பலகையால் பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கி அடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். திட்டக்கூட அவருக்கு மூச்சு இல்லை. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பதினோரு புள்ளைங்கய்யா. பதினோரு புள்ளைங்க" என்றார்.

அவர் கைகாட்டிய பக்கம் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது வெளிச்சம்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த வெளிச்சத்துக்குள் தலைகள் தெரிந்தன. இரண்டிரண்டு பேராகக் கை கோத்துக்கொண்டு, கடைசியில் ஒன்று மட்டும் தனியாக.

இஞ்சினை அணைத்தேன். ஆட்களை அடுத்த வண்டியில் ஏற்றிவிடு என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுச் சாவியோடு டெப்போவுக்கு நடந்தே போனேன். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாருக்கும் அடிபடலையே, புகாரும் வரலை. நீயா எதுக்கு வந்து சொல்றே?" என்று கேட்டார். நான் சாவியை அவர் மேஜைமேல் வைத்து, "சார், எனக்குக் கண்ணு தெரியலை" என்றேன். அந்த நாலு வார்த்தையை நான் அதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. என்னிடம்கூடச் சொல்லிக்கொண்டது இல்லை.

அவர் என்னை முறைத்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. பிறகு எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரி. மகளும் கூட வந்தாள். டாக்டர் நம் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையைத்தான் பார்த்தார். விரித்துக் காட்டச் சொன்னார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றார். சொன்னேன். மாத்திரைப் புட்டியைக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை என்றார். காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்றேன். உனக்கு எழுதும்போது இரண்டு, அதற்குப் பிறகு நான்காகிவிட்டது. யார் சொன்னது என்றார். யாரும் சொல்லவில்லை என்றேன்.

"குமட்டல் இருக்கா?"

இருக்கிறது என்றேன். ஒரு மாதமாகச் சாப்பிட்டதெல்லாம் தொண்டைக்கு வருகிறது. உன்னிடம் மறைத்துவிட்டேன்.

"வயித்தெரிச்சல் இருக்கா?"

"இருக்கு டாக்டர். ரெண்டு வருஷமா" என்றேன். நீ அங்கே போய் இரண்டு வருஷம். அவருக்கு அது புரியவில்லை, மகளுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு புட்டியில் இருக்கிற பொடி எழுத்தைப் படித்துவிட்டு, சிகரெட் உண்டா என்று கேட்டார். இதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் இரண்டு. நீ போனதிலிருந்து. அதைக் கேட்டதும் டாக்டர் புட்டியை என்னிடம் திருப்பித் தரவில்லை. கேரட்டில் இருக்கிற அந்த மஞ்சள் சத்தை மாத்திரையாக அளவுக்குமேல் எடுத்தால், புகை பிடிக்கிறவர்களுக்கு நுரையீரலில் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடுமாம். அதே மாத்திரையில் இருக்கிற துத்தநாகச் சத்து அதிகமானதால்தான் குமட்டல். கேரட்டாகத் தின்றது மட்டும் கெடுதல் செய்யவில்லை, கையில் சாயம் ஏற்றியதோடு சரி.

கேப்டன் இதைத்தானே சாப்பிடுகிறார் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். எந்தக் கேப்டன் என்றார். அப்புறம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வெளியே வரிசை நின்றது, ஆனாலும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அவருக்குக் கெட்டிருக்கறது கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கற விழித்திரை. அவருக்குக் கொடுக்கற மாத்திரை வேற, அதுவும் மிச்சம் இருக்கற பார்வை சீக்கிரம் போயிடாம இருக்கத்தான். போனதைக் கொண்டுவராது. உங்களுக்கு இருக்கறது புரை. கண்ணோட லென்ஸ் மங்கிப்போச்சு, ரெண்டு கண்ணுலயும். அழுக்குப் படிஞ்ச ஜன்னலுக்குச் சத்து மருந்து கொடுத்தா அழுக்கு போயிடுமா? எடுத்துட்டுப் புது லென்ஸ் வெக்கணும். அவ்வளவுதான்."

சாப்பாட்டையும் நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். "கீரை, மீன், முட்டை, பழம் எல்லாம் நல்லதுதான், சாப்பிடுங்க. சாப்பாட்டைச் சாப்பாடாச் சாப்பிடுங்க. போட்டிக்குச் சாப்பிடாதீங்க" என்றார்.

நாங்கள் எழுந்தபோது ஒன்று சொன்னார். அந்தக் கேப்டனுக்குப் போனது போனதுதான், உங்களுக்குப் போனது திரும்பி வரும், கொடுத்து வைத்தவர் நீங்கள், அவர்தான் உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்று. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது, பயணியாக, பின் இருக்கையில் உட்கார்ந்து, அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலிலேயே நான் டாக்டரிடம் போயிருப்பேன். போ என்று நீ சொல்லியிருந்தால் போயிருப்பேன். மகள் சொல்லியிருந்தால் போயிருப்பேன். சொன்னது அவர் என்பதால் போகவில்லை. அவர் சொன்னது சரி என்று ஆகிவிடுமே என்று போகவில்லை. பதினோரு பிள்ளைகள், இந்த ஒரு காரணத்துக்காக என் டயருக்கு முன்னால் நின்றார்கள். அந்தக் கடைசிப் பிள்ளை, தனியாக நின்றது, என் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. தெரியாத கண்ணுக்கு அது மட்டும் எப்படித் தெரிகிறதோ.

மறுவாரம் பள்ளிக்கூட வாசலுக்குப் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் எப்ப?" என்றார். தேதி சொன்னேன். முடிந்ததும் வந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்றார்.

கேப்டனிடம் சொல். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது என்று சொல். சிரித்துக்கொண்டு மட்டும் சொல்லாதே.

உன் வீட்டுக்காரன்

•

ஜூலை 27

அன்பு மனைவிக்கு,

வலது கண் முடிந்தது. போனில் மகள் சொல்லியிருப்பாள், ஆனாலும் நான் சொல்கிற மாதிரி ஆகாது. பத்துப் பதினைந்து நிமிஷம்தான் ஆயிற்று. வலி இல்லை. மறுநாள் கட்டை அவிழ்த்ததும் முதலில் தெரிந்தது சுவர். வெள்ளைச் சுவர். நீலம் கலந்த மாதிரி அவ்வளவு வெள்ளை. இத்தனை நாளும் ஆஸ்பத்திரிச் சுவருக்கு மஞ்சள் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொட்டு மருந்து நாலு வேளை. மகள் பல் டாக்டரிடமிருந்து மதியம் ஓடி வந்து ஊற்றிவிட்டு ஓடுகிறாள். அவசரத்தில் ஒரு நாள் "வாயைத் தொறங்க" என்றாள். இடது கண் செப்டம்பரில். அதற்குப் பிறகு பரிசோதித்துப் பார்த்து, சரியாக இருந்தால் வண்டி தருவார்கள். அதுவரை டெப்போவில் நேரம் குறிக்கிற மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். என் இடத்தில் ஓட்டுகிறவனைக் கண்டக்டர் தம்பி என்று கூப்பிடுகிறானாம். பரவாயில்லை, அதையும் பொறுத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூட வாசலுக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தேன். அந்த அம்மா தூரத்தில் நின்று பலகையைத் தலைகீழாகப் பிடித்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

மாத்திரை இல்லை. சிகரெட்டும் இல்லை, ஜூன் மூன்றாம் தேதியிலிருந்து. ஒரு முட்டை. கீரை வாரம் நாலு நாள், மகள் எண்ணெய் விட்டுத்தான் வதக்குகிறாள். கையில் மஞ்சள் போய்விட்டது.

நீ எழுதியதைப் படித்தேன். என் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது அவர் சிரிக்கவில்லை என்றும், முடிந்ததும் அந்தப் பள்ளிக்கூடப் பகுதியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார் என்றும் எழுதியிருந்தாய். பிறகு, "சாவியை மேஜைமேல வெக்கறது லேசில்லைம்மா. நான் வெக்கலை. என்கிட்டேயிருந்து வாங்கினாங்க" என்றாராம். அந்த வரியைப் படித்த பிறகு என்னால் அவரை முன்போல வைய முடியவில்லை. முயற்சி செய்து பார்த்தேன்.

அடுத்த மாதம் உனக்கு நாற்பது நாள் லீவு கொடுக்க அவருடைய மூத்த மகன் ஒத்துக்கொண்டதையும், அதைக் கேட்டதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதையும் எழுதியிருந்தாய். மூன்று நாளாக மாத்திரை வேண்டாம் என்று கையை மூடிக்கொண்டாராம். கட்டத் தாளின் முன்னாலும் வந்து நிற்பதில்லை. கேட்டால், கோடு வளைந்தால் என்ன, நேராக இருந்தால் என்ன என்கிறாராம். எனக்குப் புரிகிறது. அந்த வியாதி எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கும் மாத்திரை கிடையாது.

லீவைத் தள்ளிப்போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். நான் என்ன சொல்ல? உன் இஷ்டம். ஏழு நாளுக்கும் ஏழு அறை வைத்த பெட்டி கடையில் கிடைக்கிறது, அதில் மாத்திரையைப் போட்டு வைத்தால் தடவியே எடுத்துக்கொள்வார். உன் இடத்தில் அந்த நாற்பது நாளும் இருக்கப்போகிறவள் யாராக இருந்தாலும் பேப்பரை மெதுவாக வாசிக்கச் சொல். அவருக்கு ஒரு வழி செய்யாமல் கிளம்பினால் உனக்கும் மனசு ஆறாது, எனக்கும் நன்றாக இருக்காது. அவருடைய கண்ணுக்கு நான் வேண்டிக்கொள்வதாகச் சொல். மனசாரத்தான் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தையும் அவருக்குப் படித்துக் காட்டுவாய். காட்டு. ஆனால் இதுவரைக்கும்தான். இதற்குக் கீழே இருப்பதை நீ மட்டும் தனியாகப் படி.

கட்டை அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கிழவனாகிவிட்டேன். நெற்றி முழுக்கக் கோடு, கன்னம் தொங்கிவிட்டது. ஒருத்தரும் சொல்லவில்லை. புரை எத்தனை நாளாக இருக்கும் என்று டாக்டரைக் கேட்டேன். குறைந்தது நாலைந்து வருஷம் என்றார். நீ போய் இரண்டு வருஷம். அப்படியானால் உன்னை நான் கடைசியாகத் தெளிவாகப் பார்த்தது எப்போது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. பக்கத்திலேயே இருந்தாய். பார்க்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விமான நிலையத்தில் நீ பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனாய். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தாய். உன் முகம் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. கண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். மகளுக்குத் தெரியாமல் துடைத்தேன், அப்போதும் அப்படியேதான் இருந்தது. புரையாக இருக்கும் என்கிறார் டாக்டர். இரண்டுமாகவும் இருக்கலாம்.

இப்போது ஒரு கண் நன்றாகத் தெரிகிறது. வரும்போது முடிக்குச் சாயம் பூசிக்கொண்டு வராதே. எவ்வளவு நரைத்திருக்கிறதோ அப்படியே வா. முகத்தில் புதிதாக என்னென்ன வந்திருக்கிறதோ எல்லாவற்றோடும் வா. போய் வா என்றுதான் அன்றைக்கு உன்னிடம் சொன்னேன். அதில் பாதியைத்தான் நீ செய்திருக்கிறாய்.

உன் வீட்டுக்காரன்